வரி பூச்சியமானாலும் தாள் இருக்க வேண்டும்: மலையகத்தில் வருமான வரிக் கணக்கு செய்யும்போது கண்டவை

நவம்பர் கடைசி வாரத்தில் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கணக்குப் பார்க்கிற மேசைக்கு ஒரு பிஸ்கட் தகரம் வந்துசேரும். மூடியைத் திறந்தால் மொத்தக் கடை பில், மின்சாரப் பட்டியல், தேயிலைக் கொழுந்துக் கணக்குத் துண்டு, நகை அடகுச் சீட்டு, வங்கிச் சிட்டை எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். அடியில் இருக்கிற மெஷின் பில்களில் பாதி வெறும் வெள்ளைத் தாளாகியிருக்கும். சூடு பட்டால் அந்தத் தாளில் எழுத்து நிற்காது. அடுப்புக்கு மேலே தட்டில் வைத்த தகரத்துக்குள் ஒரு வருடக் கொள்முதல் அப்படியே அழிந்துபோகும். "இத வச்சு எப்படியாவது செஞ்சு குடுங்க தம்பி, முப்பதாந் திகதிதான் கடைசியாம்" என்பார்கள்.

இப்படி வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு வரி கொஞ்சம்தான், பலருக்கு ஒன்றுமே இல்லை. ஆனாலும் பணம் போகிறது. தாள் இல்லாததாலும், திகதி தப்பியதாலும், வங்கி பிடித்த காசைத் திருப்பிக் கேட்காததாலும் போகிறது. சட்டத்தைப் பார்த்துப் பயப்படுவதைவிட இந்த மூன்று ஓட்டைகளையும் அடைப்பதுதான் முதல் வேலை.

இலங்கையில் வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபர் நிவாரணம், அதாவது வரி போடாமல் விடுகிற தொகை, ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய். அதற்கு மேல் வருகிற முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 18, அதற்கடுத்த 5 இலட்சத்துக்கு 24, அதற்கும் அடுத்த 5 இலட்சத்துக்கு 30, மிச்சம் எல்லாவற்றுக்கும் 36 வீதம். நுவரெலியாவில் மரக்கறி வியாபாரம் செய்கிற ஒருவருக்கு வருட இலாபம் 36 இலட்சம் என்று வைப்போம். நிவாரணம் போக 18 இலட்சம் நிற்கும். 60,000, 90,000, 72,000 என்று கூட்டினால் வரி 222,000 ரூபாய். "36 இலட்சம் வந்தால் 36 வீதம் போய்விடும்" என்று பயந்து விற்பனையை மறைக்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். பழைய வருடத்துக்குப் பிந்தி விபரத்திரட்டு (வருட வருமானக் கணக்கைக் காட்டுகிற படிவம்) அனுப்புகிறவர்கள் புதிய வீதத்தைப் போடக்கூடாது. 2023/24க்கும் 2024/25க்கும் நிவாரணம் 12 இலட்சம்தான். வீதமும் ஐந்தைந்து இலட்சமாக 6, 12, 18, 24, 30, அதற்கு மேல் 36 என்று ஏறும்.

தோட்டத்தில் பேர் போடுகிறவர்களுக்கு, அதாவது நாட்கூலிக்கு வேலை செய்கிறவர்களுக்கு, இதில் பயப்பட ஒன்றும் இல்லை. நாளுக்கு 1,750 ரூபாய், மாதம் 25 பேர் (25 நாள் வேலை) என்று வைத்தாலும் வருடத்துக்கு 525,000 ரூபாய்தான். கணவனும் மனைவியும் பேர் போட்டாலும் இருவருக்கும் கணக்கு தனித்தனி. குடும்ப வருமானத்தைக் கூட்டி வரி போடுகிற முறை இங்கே இல்லை. 2024 ஜனவரி 1 முதல் 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிந்து டின் (TIN) என்கிற வரி அடையாள இலக்கம் எடுக்க வேண்டும் என்று வந்ததிலிருந்து, தோட்ட வரிசை வீடுகளான லயத்துக்கு லயம் ஒரு கலக்கம் இருக்கிறது. டின் எடுத்தால் வரி கட்ட வேண்டும் என்பது தவறு. அது ஓர் அடையாள இலக்கம் மட்டுமே, எடுப்பதற்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் டின்னோடு சேர்த்து வருமான வரிக்கும் கணக்குத் திறந்திருந்தால் விபரத்திரட்டு கேட்டு அறிவித்தல் வரும். அப்படி வந்த பிறகு "எனக்கு வரி வராதுதானே" என்று சும்மா இருக்க முடியாது. பூச்சியம் என்றாலும் பூச்சியம் என்று அனுப்பித்தான் ஆக வேண்டும்.

டின் எடுக்கிற இடத்திலேயே பாதிப் பிரச்சினை தொடங்கிவிடுகிறது. டவுனில் கொமியுனிகேஷன் கடைக்குப் போவார்கள். கடைப் பையன் தன்னுடைய மின்னஞ்சலையும் தன்னுடைய தொலைபேசி இலக்கத்தையும் போட்டுப் பதிந்துவிடுவான். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், சந்தோஷம். ஒரு வருடம் கழித்து ராமிஸ் கணக்கை, அதாவது திணைக்களத்தின் இணைய வரிக் கணக்கை, திறக்கப் போனால் பின் (PIN) இலக்கம் அந்தப் பையனுடைய தொலைபேசிக்குப் போகும். அவன் அதற்குள் கொழும்புக்கு வேலைக்குப் போயிருப்பான். பதியும்போது உங்கள் கையில் இருக்கிற, இன்னும் ஐந்து வருடம் மாற்றாமல் வைத்திருக்கப் போகிற இலக்கத்தைத்தான் கொடுக்க வேண்டும். மின்னஞ்சல் இல்லையென்றால் அங்கேயே ஒன்று திறந்து கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது அடையாள அட்டை இலக்கம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும் இருக்கும், புதியதில் பன்னிரண்டு இலக்கம். ஒரே ஆள்தான். ஆனால் வங்கியில் பழைய இலக்கம், திணைக்களத்தில் புதிய இலக்கம், வேலை செய்யும் இடத்தில் வேறொரு பெயர் எழுத்து என்று கிடந்தால் உங்கள் பெயரில் பிடித்த வரி உங்கள் கணக்கில் வந்து ஏறாது. தகப்பன் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் இன்னோரிடத்தில் முழுப் பெயராகவும் இருப்பது நம்மவர்களிடம் மிகச் சாதாரணம். வங்கி, ஊழியர் சேமலாப நிதியம், டின் மூன்றிலும் ஒரே எழுத்தில் பெயர் இருக்கிறதா என்று ஒருநாள் உட்கார்ந்து பார்த்துத் திருத்திவிட்டால் பிறகு பல வருடத் தொல்லை மிச்சம்.

இனிக் கடைக்கணக்கு. மஸ்கெலியாவிலோ அக்கரப்பத்தனையிலோ ஒரு பலசரக்குக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 40,000 ரூபாய் விற்பனை, வருடத்தில் 350 நாள் திறந்திருந்தால் மொத்த வரவு 140 இலட்சம். சாமான் கொள்முதல் 126 இலட்சம். மிஞ்சுகிற 14 இலட்சத்தில் கடை வாடகை 240,000, மின்சாரம் 60,000, உதவிக்கு நிற்கிற பையனுக்குச் சம்பளம் மாதம் 30,000 வீதம் 360,000, அவனுக்காக முதலாளி கட்டுகிற சேமலாப நிதி 12 வீதமும் நம்பிக்கை நிதி 3 வீதமும் சேர்த்து 54,000. எல்லாம் போக இலாபம் 686,000. வரி ஒரு சதமும் இல்லை.

இதே கடையில் கொள்முதல் பில்லில் மூன்றில் ஒரு பங்கு தொலைந்துபோனது என்று வையுங்கள். விற்பனைக் காசு வங்கிக்குள் போயிருக்கிறது, அது அழியாது. 42 இலட்சத்துக்கு பில் இல்லையென்றால் காகிதத்தில் இலாபம் 4,886,000 ஆகிவிடும். நிவாரணம் போக 3,086,000. வரி 630,960 ரூபாய். ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் சம்பாதிக்காத கடைக்காரருக்கு இந்தத் தொகை. கொள்முதல் பில்லை வாங்கிய அன்றே தொலைபேசியில் படம் எடுத்து மாத வாரியாகப் போட்டு வையுங்கள் என்று நாங்கள் ஓயாமல் சொல்வது இதனால்தான். மெஷின் பில்லைப் போட்டோ கொப்பி எடுத்துப் பின்பக்கம் ஒட்டி வைத்தால் இன்னும் நல்லது. குறைந்தது ஐந்து வருடத்துக்கு எதையும் வீசக்கூடாது. லொறியில் வந்து பில் இல்லாமல் சாமான் இறக்குகிறவரிடம் ஒரு கொப்பித் தாளிலாவது திகதி, பொருள், தொகை, பெயர், வண்டி இலக்கம், கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அது முழு பில்லுக்கு ஈடாகாது. ஆனாலும் ஒன்றுமே இல்லாமல் நிற்பதைவிட எவ்வளவோ மேல்.

மார்ச் 31 இரவு கடையைப் பூட்டும் முன் இருப்பை எண்ணி எழுத வேண்டும். அரிசி எத்தனை மூட்டை, மா எத்தனை, சீனி எத்தனை, வாங்கின விலை என்ன என்று இரண்டு பக்கம் போதும். அந்த இருப்பைக் கொள்முதலில் கழிக்காவிட்டால் இந்த வருட இலாபம் குறைந்தும் அடுத்த வருட இலாபம் ஏறியும் தெரியும். இரண்டு வருடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற அதிகாரி முதலில் கேட்பது அதைத்தான். பையனின் சம்பளத்தைச் செலவில் காட்டிவிட்டுச் சேமலாப நிதி கட்டாமல் இருப்பதும் ஒரு பொறி. ஒருவர் வேலை செய்தாலும் அந்த நிதி கட்ட வேண்டும். சம்பளச் செலவு என்று எழுதிய வரியே உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

கடைக்கு ஃப்ரீசர், தையல் மெஷின், தோட்டத்துக்குத் தண்ணீர் பம்ப் என்று வாங்கினால் அந்த வருடமே முழு விலையையும் செலவில் கழிக்க முடியாது. ஐந்து வருடத்துக்குச் சம பங்காகக் கழிப்பதுதான் முறை. வீட்டுக்கு எடுத்த சாமான், பிள்ளையின் பாடசாலைச் செலவு, திருவிழாவுக்குக் கொடுத்தது எதுவும் வியாபாரச் செலவல்ல. நட்டம் வந்த வருடத்திலும் கணக்கை அனுப்பி வையுங்கள். அந்த நட்டத்தை அடுத்த ஆறு வருட இலாபத்தில் கழிக்க இடமிருக்கிறது. அனுப்பாத நட்டத்தை யாரும் நம்பப் போவதில்லை.

கொழுந்து கொடுக்கிற சிறுதோட்டக்காரர்களும் மரக்கறி போடுகிறவர்களும் இன்னும் பழைய நினைப்பில் இருக்கிறார்கள். "விவசாயத்துக்கு வரி இல்லைதானே" என்பார்கள். 2019 ஏப்ரல் 1 முதல் ஐந்து வரி ஆண்டுகளுக்கு, விளைச்சலை வேறெதுவும் செய்யாமல் அப்படியே விற்கிற வருமானத்துக்கு விலக்கு இருந்தது உண்மை. அது 2024 மார்ச் 31உடன் முடிந்துவிட்டது. 2024/25 முதல் கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு, பச்சைக் கொழுந்து எல்லாமே கணக்கில் வரும். நிவாரணத் தொகைக்கு (2024/25க்கு 12 இலட்சம், அதற்குப் பிறகு 18 இலட்சம்) கீழே இருந்தால் வரி இல்லைதான். அது வருமானம் குறைவாக இருப்பதால் வருகிற சலுகை. விவசாயம் என்பதற்காக எவரும் விட்டுவிடுவதில்லை.

தொழிற்சாலை கொடுக்கிற கொழுந்துத் துண்டை வாசிக்கிற விதத்தில் ஒரு பிழை திரும்பத் திரும்ப நடக்கிறது. துண்டில் மொத்தப் பெறுமதி 85,000 என்று இருக்கும். அதிலே பசளை முற்பணம் 20,000, ஏற்றுக்கூலி 5,000, வீட்டுக்கு எடுத்த தேயிலைத் தூள் 3,000 கழித்து 57,000 வங்கியில் விழும். சிலர் 57,000ஐ வருமானமாக எழுதிவிட்டுப் பசளையை மறுபடியும் செலவில் எழுதுவார்கள். ஒரே செலவு இரண்டு தடவை கழிபடும். பிடிபட்டால் பதில் சொல்ல வழியில்லை. 85,000ஐ வரவில் எழுதுங்கள், பசளையையும் ஏற்றுக்கூலியையும் செலவில் எழுதுங்கள், தேயிலைத் தூளை விட்டுவிடுங்கள், அது வீட்டுச் செலவு. கெப்பெட்டிப்பொலைக்கோ தம்புள்ளைக்கோ மரக்கறி ஏற்றுகிறவர்களுக்கும் இதே முறைதான். கமிஷன் கடைத் துண்டில் நிறை, விலை, கமிஷன், ஏற்றுக்கூலி, கையில் வந்தது என்று எல்லாம் இருக்கும். அந்தத் துண்டைக் காட்சட்டைப் பையில் வைத்து உடுப்போடு துவைத்துவிடுகிறார்கள். விதை உருளைக்கிழங்கு, கோழி எரு, மருந்து, கொத்துக்கூலி ஆகியவற்றுக்கும் ஒரு கொப்பி வேண்டும். கூலிக்கு பில் கிடைக்காது, எனவே வந்தவர் பெயர், நாள், தொகை, கையெழுத்து. தோட்டத்தில் வேலை நாளைப் பதிகிற செக்ரோல் போடுகிற மாதிரிதான், நம் ஆட்களுக்குப் புதிய வேலை ஒன்றுமில்லை.

எல்ல, நானுஓயாப் பக்கம் வீட்டில் அறை கொடுக்கிறவர்கள் இணையத்தளம் கமிஷன் பிடித்துவிட்டு அனுப்புகிற தொகையை மட்டும் வரவாக எழுதக்கூடாது. விருந்தாளி கொடுத்த முழு வாடகை வரவு, கமிஷன் செலவு. வெளிநாட்டுக்காரர் டொலரில் கொடுத்தார் என்பதால் வரி வீதத்துக்கு 15 வீத உச்சவரம்பு கிடைக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். வெளிநாட்டில் பயன்படுகிற சேவைக்குத்தான் அது. எல்லவில் தங்கிச் சாப்பிட்டது இங்கேயே முடிந்த சேவை. வீட்டிலிருந்தபடி வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கணினி வேலை செய்து வங்கி வழியாக வெளிநாட்டுக் காசு பெறுகிற பிள்ளைகளுக்கு அந்த உச்சவரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் பொருந்தும்.

சம்பளக்காரர்களில் அதிகம் மாட்டிக்கொள்வது ஆசிரியர்கள். சம்பளம் மாதம் 90,000 என்றால் வருடம் 1,080,000. மாதம் 150,000க்குக் கீழே என்பதால் வேலை செய்யும் இடத்தில் வரி பிடிக்கமாட்டார்கள். பின்னேர வகுப்பில் மண்டப வாடகை போக வருடம் 12 இலட்சம் வருகிறது. இரண்டும் சேர்ந்து 2,280,000. நிவாரணம் போக 480,000, வரி 28,800 ரூபாய். "பிடிக்கவில்லை, ஆகவே வரி இல்லை" என்று நினைத்து விட்டுவிட்டால் என்ன ஆகும்? விபரத்திரட்டு பிந்தினால் தண்டம் இரண்டு விதமாகக் கணக்குப் போட்டு எது பெரிதோ அதை எடுப்பார்கள். ஒன்று, வரியில் 5 வீதமும் மாதத்துக்கு ஒரு வீதமும். மற்றது, 50,000 ரூபாயும் மாதத்துக்கு 10,000 ரூபாயும். உச்சம் 400,000. நம் ஆசிரியர் மூன்று மாதம் பிந்தினால் 28,800 வரிக்கு 80,000 தண்டம். இதைப் பார்க்கும்போது மனது தாங்காது, ஏனென்றால் விபரத்திரட்டை நிரப்ப ஒரு பின்னேரம் போதும்.

வரியைச் சொந்தமாகக் கட்ட வேண்டியவர்கள் அதை நான்காகப் பிரித்து ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 ஆகிய திகதிகளில் கட்ட வேண்டும். இவருக்கு ஒரு தவணை 7,200. முதல் தவணையோடு மதிப்பிட்ட வரிக் கூற்றும் போக வேண்டும். மீதி ஏதும் இருந்தால் செப்டம்பர் 30, விபரத்திரட்டு நவம்பர் 30. செப்டம்பரையும் நவம்பரையும் குழப்பிக்கொண்டு நவம்பரில் காசு கட்டுகிறவர்கள் நிறையப் பேர். அந்த இரண்டு மாதத்துக்கு மாதம் 1.5 வீத வட்டி ஓடும், தண்டமும் சேரும். காசு கட்டும்போது வரி வகைக் குறியீடும் காலக் குறியீடும் சரியாக இருக்க வேண்டும். கடந்த வருடச் சிட்டையைப் பார்த்து அதே குறியீட்டைப் போட்டால் காசு பழைய வருடத்தில் போய் உட்கார்ந்துவிடும். புதிய வருடத்துக்கு நிலுவைக் கடிதம் வரும்.

வங்கிக்காரர் பிடிக்கிற காசுக்கு வருவோம். நிலையான வைப்பு வட்டிக்கு 2025 ஏப்ரல் 1 முதல் 10 வீதம் பிடிக்கிறார்கள், முன்பு 5. ஓய்வுபெற்ற ஓர் உத்தியோகத்தர் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் சேர்த்து 40 இலட்சம் வைப்பிலிட்டு 8 வீத வட்டி எடுத்தால் வருடம் 320,000. அதில் 32,000 போய்விடும். அவருக்கு வேறு வருமானம் இல்லை, வரி பூச்சியம். ஆனால் அந்த 32,000 தானாகத் திரும்பி வராது. வருடத்தில் மொத்த வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாது என்று டின் இலக்கத்தோடு சுயபிரகடனப் படிவத்தை வங்கிக்குக் கொடுத்தால் பிடிக்கவேமாட்டார்கள். இரண்டு வங்கியில் வைப்பு இருந்தால் இரண்டு இடத்திலும் கொடுக்க வேண்டும். வட்டி விழுகிறதற்கு முன்பு, வருடம் பிறந்ததும் ஏப்ரலிலேயே கொடுத்துவிடுங்கள். கூட்டுக் கணக்கென்றால் இருவரும் தர வேண்டும். கொடுக்கத் தவறியிருந்தால் வங்கியிடம் பிடித்த வரிக்கான சான்றிதழை வாங்கி விபரத்திரட்டில் மீளளிப்புக் கேட்கலாம். சான்றிதழ் இலக்கத்தையும் தொகையையும் அட்டவணையில் அதே எழுத்தில் போடுங்கள். ஒரு இலக்கம் மாறினால் கழிவு கிடைக்காது. சம்பளத்தில் வரி பிடிக்கப்பட்டவர்கள் பிடித்த வரியைக் காட்டுகிற டீ 10 (T-10) சான்றிதழை ஏப்ரல் முடிவதற்குள் கேட்டு வாங்கிவிட வேண்டும். வேலையை விட்டு வந்த இடத்திலிருந்தும் வாங்குங்கள், பிறகு போனால் ஆள் மாறியிருக்கும்.

டவுனில் கடை அறையை மாதம் 40,000க்கு வாடகைக்கு விட்டிருந்தால் வருடம் 480,000. பழுதுபார்ப்புக்கென்று 25 வீதம், 120,000 நிவாரணமாகக் கழிந்து 360,000தான் வருமானத்தில் சேரும். பலருக்கு இது தெரியாது.

விபரத்திரட்டோடு போகிற சொத்து, பொறுப்புக் கூற்றை இரண்டு நிமிட வேலையாக நினைத்து இஷ்டத்துக்கு நிரப்பக்கூடாது. மார்ச் 31இல் இருக்கிற காணி, வண்டி, நகை, வைப்பு, கையிலுள்ள காசு, மறுபக்கம் கடன். இந்த வருடச் சொத்து போன வருடத்தைவிட 30 இலட்சம் கூடியிருந்து, வருமானம் 12 இலட்சம் என்று எழுதியிருந்தால் மிச்சம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். நம் வீடுகளில் அதற்கு உண்மையான பதில் இருக்கும்: அம்மா குவைத்திலிருந்து அனுப்பினார், சீட்டு விழுந்தது, நகை அடகு வைத்தோம், சம்பந்தி வீட்டில் கைமாற்று வாங்கினோம். இவை எதுவும் வருமானமல்ல. ஆனால் காட்டத் தாள் வேண்டும். வெளிநாட்டுக் காசை உண்டியலில் (வங்கிக்கு வெளியே ஆள் மூலம்) வாங்காமல் வங்கி வழியாக வாங்கினால் அந்தச் சிட்டையே சாட்சி. அடகுச் சீட்டைப் பொறுப்புப் பக்கத்தில் எழுதுங்கள். சீட்டுக்கு, பிடித்தவரிடம் கையெழுத்து வாங்கிய துண்டு. அந்தக் காசை வைப்பிலிட்டால் அதன் வட்டி வருமானம்தான், அதை மறக்க வேண்டாம். உறுதி இல்லாத லயக் காம்பராவைச் சொந்த வீடென்று எழுதாதீர்கள்.

அனுப்பி முடித்ததும் ஏற்றுக்கொண்ட பக்கத்தைப் பதிவிறக்கி அச்செடுங்கள். வேறொருவர் நிரப்பிக் கொடுத்தாலும் பொறுப்பு உங்களுடையது. அனுப்ப முன் ஒவ்வொரு பக்கத்தையும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், தமிழில் கேளுங்கள். சந்தேகமென்றால் 1944க்கு அழைக்கலாம், கண்டிப் பிராந்திய அலுவலகத்துக்கு நேரில் போகலாம்.

தோட்ட விலாசம் கொடுத்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லயத்துக்கு வீட்டிலக்கம் இல்லாததால் கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கே கிடந்து, காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக் களத்தில் யாரோ கையில் கொடுத்து வந்துசேர வாரக்கணக்காகும். வரி மதிப்பீட்டு அறிவித்தலுக்கு எதிராக மீளாய்வு கேட்க 30 நாள்தான். முடிந்தால் டவுனில் நம்பிக்கையான கடை அல்லது உறவினர் வீட்டு விலாசத்தைத் தொடர்புக்குக் கொடுங்கள், மாதம் ஒரு தடவை ராமிஸ் கணக்கையும் திறந்து பாருங்கள். கடிதம் பிந்தி வந்தால் உறையைக் கிழித்து வீசாதீர்கள். தபால் முத்திரைத் திகதி தெரிகிற மாதிரி வைத்து, கையில் கிடைத்த நாளை அதன் மேலேயே எழுதி, கொண்டுவந்து கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பிந்தியதற்குக் காரணம் காட்டிக் கேட்கும்போது முதலில் நீட்ட வேண்டியது அந்த உறைதான்.